ஜான் நியூட்டன் பெற்ற கிருபை

மனிதன் தன் தகுதியால் ஈட்டாத நன்மையை ஆண்டவன் தானே இரங்கி அளிப்பதைக் கிறிஸ்தவர்கள் கிருபை என்பர். தகுதியின்றிப் பெற்ற ஒன்றைக் குறித்து எவரும் செருக்குக் கொள்ள இயலாது. ஆதலின் கிருபையும் தாழ்மையும் பிரியாதவை என்பது அவர்தம் கொள்கை. இதற்குச் சான்றாக நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் கூறிவந்தது ஜான் நியூட்டனின் வரலாறு. அதனைப் பிழைபடக் கூறிவந்தேன் என்பதையும் மாணவர்களுக்கு இன்று சொல்லிவிட விரும்புகிறேன்.

1725-இல் இலண்டனில் பிறந்த நியூட்டன் இளமையிலேயே கடலோடியானவர். 1748 மார்ச்சு மாதத்தில் அவர் சென்ற 'கிரேஹவுண்டு' என்னும் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் புயலிற் சிக்கி மூழ்கும் நிலையை அடைந்தது. அவ்வேளையில் அவர் ஆண்டவனை நோக்கிக் கூவினார், கப்பலும் தப்பியது. அன்றே மனந்திரும்பி அடிமை வாணிபத்தை உதறினார் என்று நான் முடிப்பேன். மாணவர்கள் மகிழ்ந்து கேட்பார்கள்.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதோ உண்மை வேறாக இருந்தது. அவர் அடிமைக் கப்பலின் தலைவரானதே அந்தப் புயலுக்குப் பின்னர்தான்! 1750 முதல் 1754 வரை மூன்று முறை அத்தொழிலுக்காகக் கடல் கடந்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு, புரளவும் இடமின்றிக் கிடந்தனர்.

இதனினும் என் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. புயலுக்குச் சில ஆண்டுகள் முன்பு, சியரா லியோன் கரையில் ஓர் அடிமை வணிகனிடம் நியூட்டன் வேலைக்கிருந்தார். நோயுற்றுப் பட்டினி கிடந்த அவருக்கு, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த அடிமைகள் தங்கள் சிறு உணவிலிருந்து மறைவாகப் பகிர்ந்தளித்தனர். இதனை அவரே எழுதியிருக்கிறார். அம்மக்களின் கையால் உண்டவர், அவர்கள் இனத்தாரையே பின்னர் விலைக்கு வாங்கினார். அந்த உணவும் ஒரு கிருபையே அன்றோ? அன்று அவர் அதனை அறிந்தாரில்லை.

1754-இல் கடற்பணியை விட்டதற்கும் திடீரென வந்த நோயே காரணம், மனச்சான்று அன்று. 1764-இல் ஓல்னி என்னும் ஊரின் குருவானார். வியத்தகு கிருபையைப் பாடும் அவருடைய புகழ்பெற்ற பாடல் 1773 புத்தாண்டு வழிபாட்டிற்காக இயற்றப்பெற்றது. அப்போதும் அடிமை வாணிபத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை.

1785-இல் வில்லியம் வில்பர்போர்சு என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர் அறிவுரை நாடி வந்தபோது, அரசியலை விட்டு விலகவேண்டாம் என்று நியூட்டன் கூறினார். 1788-இல், கடலைவிட்டு 34 ஆண்டுகள் கழித்து, தாம் கண்டதையும் செய்ததையும் மறைக்காது ஒரு சிறு நூலாக வெளியிட்டார். முதிர்ந்த குரு ஒருவர், ஊரார் மறந்துவிட்ட தம் பழியைத் தாமே எடுத்து உலகின்முன் வைத்தார். புயலிரவைவிட அந்நூலையே நான் இப்போது பெரிதாக எண்ணுகிறேன். பின்னர்ப் பாராளுமன்றக் குழுவின் முன்பும் சாட்சியம் அளித்தார்.

1807 மார்ச்சில் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது. கண்பார்வை குன்றிப்போயிருந்த நியூட்டன் அவ்வாண்டு டிசம்பரில், தமது 82-ஆம் வயதில் காலமானார்.