மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் நாலாம் கியரும்

1997ஆம் ஆண்டின் தொடக்கம். பிரசவ வலியோடு துடித்த அக்காவை ஒட்டுசுட்டானிலிருந்து மல்லாவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இரவில்தான் கியர் எதற்கென்று எனக்கு விளங்கியது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் அருமருந்து. பெரியப்பாவின் மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் அது சரியாக ஆவியாகாது.

ஸ்ரியறிங் என் கையில். எண்ணெயை மிச்சம் பிடிக்கலாமென்று, குன்றும் குழியுமான வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றரிலேயே நாலாம் கியரைப் போட்டேன். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஏற்றத்தில் எஞ்சின் 'டக டக' என்று நொக் அடித்தது.

"டொப்பில இழுக்காதை தம்பி. பிஸ்ரன் ஓட்டையானால் அக்காவைத் தூக்கிக்கொண்டே போறது?" என்றார் பெரியப்பா. மூன்றுக்கு இறக்கினேன். சத்தம் நின்றது.

காரணம் இதுதான். 948 சிசி மொறிஸ் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை, ஏறத்தாழ 68 நியூட்டன் மீற்றரை, நிமிடத்துக்கு 2500 சுற்றில்தான் தரும். நாலாம் கியரில் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் வேகம் சுமார் 24 கிலோமீற்றர். ஆகவே 30இல் எஞ்சின் 1250 சுற்றைத்தான் தொடுகிறது. அந்த நிலையில் ஏற்றம் ஏற, ஒவ்வொரு எரிப்பும் பிஸ்ரனை மிகப் பலமாகத் தள்ளவேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடுகின்றன. ஒக்ரேன் குறைந்த மண்ணெண்ணெய் அதைத் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அதுதான் நொக். மூன்றாம் கியரின் விகிதம் 1.41. அதே வேகத்தில் சுற்று 1750ஐ நெருங்கும், சில்லுக்குப் போகும் முறுக்குவிசை 1.41 மடங்காகும், ஒவ்வொரு எரிப்பின் சுமையும் குறையும்.

நல்ல வீதியில் மணிக்கு 60இல் அதே நாலாம் கியர் பொருத்தமானது. எஞ்சின் 2500 சுற்றை ஒட்டி நிற்கும். சமதரையில் அந்தச் சுற்றில் கிடைக்கக்கூடிய வலுவில் பாதிகூடத் தேவைப்படாது. சீரான வேகத்தில் அலுப்பில்லாமல் போவதென்றால் இப்படிக் கையில் கொஞ்சம் வலு மிச்சம் இருக்கவேண்டும்.

1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற ஸ்போட்ஸ் காருக்குள் இருந்ததும் இதே 948 சிசி எஞ்சின்தான். காபரேற்றர் இரண்டு, குதிரைவலு 43, அதுவும் 5200 சுற்றில். சுற்றை ஏற்றினால்தான் அது துள்ளும், நெடும்பயணத்தில் காது இரையும். 1997இன் செவ்றொலே கொர்வெற் இதற்கு எதிர்மாறு. 5.7 லீற்றர் எஞ்சின், ஆறாம் கியரின் விகிதம் 0.50. மணிக்கு 100இல் சுமார் 1400 சுற்றோடு அமைதியாகப் போகும். ஆனால் ஆறாம் கியரிலேயே முந்த நினைத்தால் சோம்பும், கீழிறக்கவேண்டும். அந்தளவு பெரிய எஞ்சின் என்பதால்தான் அவ்வளவு குறைந்த சுற்றிலும் இழுக்கிறது. எங்கள் சின்னக் கார்கள் அந்த விளையாட்டை விளையாட முடியாது.

ஏ-9 இன்று காப்பெற் வீதி. ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் லொறியை முந்துகிறவர்கள் பலர் வலது பக்கம் இறங்கிய பிறகுதான் கியரைத் தேடுகிறார்கள். முன்னுக்கே ஒரு கியர் இறக்கிச் சுற்றை ஏற்றிவைத்தால், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் விநாடிகள் குறையும். மாடு குறுக்கே வந்து பிறேக் பிடித்தாலும் அப்படித்தான்: வேகம் 40க்கு விழுந்தபின் ஐந்தாம் கியரிலேயே அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள்.

அன்றிரவு பிறந்த மருமகள் இப்போது காரோட்டுகிறாள். 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற பழக்கம் விடவில்லை, 40இலேயே ஐந்தாம் கியர்.

"இறக்கு பிள்ளை, எஞ்சின் அழுகுது" என்றேன் போனமுறை.

"பெற்றோல் என்ன விலை மாமா?" என்றாள். ஆனாலும் இறக்கினாள்.