உடன்பிறந்தாருக்கு ஒரு வாசல்

பங்குப் பணியில் இருக்கும் குருக்களுக்குப் பழகிப்போன காட்சி இது. ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பினால், வாசலில் ஒருவர் காத்திருப்பார். "சாமி, என் ஞானஸ்நான நகலும் அக்காவுடைய நகலும் வேண்டும். அக்கா என்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட மனுப் போடுகிறார்கள்" என்பார். பழைய பதிவேட்டைத் திறந்து பார்ப்போம். பிறப்பை அரசிடம் பதிவு செய்யாத குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடும் ஒரு சான்றாக ஏற்கப்படுகிறது. இரண்டு பதிவுகளிலும் தந்தையின் பெயர் ஒன்று. தாயின் பெயரும் ஒன்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குத் திருச்சபையின் ஏடு சாட்சியாகிறது.

அந்த நகலில் முத்திரையிடும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். கடல் கடந்த ஒரு நாட்டின் சட்டத்தில் 'உடன்பிறந்தார்' என்னும் உறவுக்கு எவ்வாறு இடம் கிடைத்தது?

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1924-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம், எந்த நாட்டார் எத்தனை பேர் வரலாம் என்று வரையறுத்தது. 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை அது அடிப்படையாகக் கொண்டதால், வட ஐரோப்பியருக்கு வாசல் அகலத் திறந்தது. கத்தோலிக்கர் மிகுந்த இத்தாலிக்கும் போலந்துக்கும் குறுகியது. ஆசியருக்கோ ஏறத்தாழ அடைபட்டது. 1946-இல்தான் இந்தியருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எத்தனை இடம்? ஆண்டுக்கு 100.

1952-இல் வந்த சட்டமும் இந்த முறையையே காத்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார்; காங்கிரஸ் அவருடைய மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தில் உடன்பிறந்தாருக்குக் கிடைத்தது பந்தியில் மிஞ்சிய சோறு. மற்றவர்கள் எடுத்துக்கொண்டபின் எஞ்சும் இடங்களில் ஒரு பகுதியே அவர்களுக்கு உரியது. இத்தாலியின் பங்கு ஆண்டுக்கு 6,000-க்கும் குறைவு. அங்கே எஞ்சுவதற்கு என்ன இருந்தது? அதே 1952-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 'எக்ஸூல் ஃபமீலியா' என்னும் ஆவணத்தை வெளியிட்டார். எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பமே புலம்பெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று அது கற்பித்தது. திருச்சபை குடும்பத்தைப் பார்த்தது. சட்டமோ பிறந்த நாட்டைப் பார்த்தது.

மாற்றம் 1965-இல் வந்தது. திறமை உடையோருக்கு முதலிடம் தர வேண்டும் என்பதே அரசின் முதல் திட்டம். ஆனால் பிரதிநிதிகள் அவையில் குடியேற்றத் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ஒஹையோ மாநிலத்தவரான மைக்கேல் ஃபீகன் வரிசையை மாற்றினார். குடும்ப உறவுக்கே முதலிடம் என்றார். குடிமக்களின் உடன்பிறந்தாருக்கு 24 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. வரையறைக்கு உட்பட்ட பிரிவுகளுள் இதுவே மிகப் பெரிய பங்கு. 1965 அக்டோபர் 3-ஆம் நாள், நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திரதேவி சிலையின் அடியில், குடியரசுத் தலைவர் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் அதே நகருக்கு வந்து, ஐக்கிய நாடுகள் சபையில் உரையாற்றினார்.

உறவுக்கு முதலிடம் தந்தது அன்பினால் மட்டுமா? இல்லை. அமெரிக்காவில் அப்போது இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அவர்கள் தம் உறவினரை அழைத்தால் வருவோரும் ஐரோப்பியராகவே இருப்பர். ஆசியருக்கு அங்கே உறவினர் குறைவு, ஆகவே அவர்கள் மிகுதியாக வரமாட்டார்கள் என்று பலர் கணக்கிட்டனர்.

தொடக்கத்தில் கணக்குப் பொய்க்கவில்லை. இத்தாலியரும் கிரேக்கரும் போர்த்துகீசியரும் தம் அண்ணன் தம்பிகளை அழைத்துக்கொண்டனர். ஆனால் அதே சட்டத்தின் மற்றொரு வாசல் வழியாக, இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மருத்துவரும் செவிலியரும் பொறியாளரும் சென்றனர். ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து குடியுரிமை பெற்றபின், அவர்களும் உடன்பிறந்தாரை நினைத்தனர். யாரைத் தடுக்கும் என்று எண்ணி அந்த விதி எழுதப்பட்டதோ, அவர்களுக்கே அது வழியாயிற்று.

யோசேப்பின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சகோதரர்கள் அவரை விற்றபோது நினைத்தது ஒன்று. இறைவன் அதைக்கொண்டு செய்தது மற்றொன்று. பஞ்ச காலத்தில் யோசேப்பே பார்வோனின் இசைவு பெற்று, தந்தையையும் சகோதரரையும் கோசேன் பகுதியில் குடியமர்த்தினார். மனிதர் இயற்றிய சட்டத்தை இறைத்திட்டம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் குறுகிய எண்ணத்தோடு திறந்த வாசலும் பலருக்கு உதவக்கூடும் என்பதற்கு இது சான்று.

வாசல் திறந்தது, வரிசை நீண்டது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தாருக்கு ஆண்டுக்கு 65,000 இடம் என்று வரையறுத்தது. உடன் செல்லும் மனைவி மக்களும் இந்தக் கணக்கில் அடக்கம். ஒரு நாட்டுக்கு மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆகவே 2025-இல் இந்தியரில் முறை வந்தவர்கள் 2006-இல் மனுச் செய்தவர்களே. இந்த இடைவெளியில் மடியில் இருந்த குழந்தை 21 வயதைக் கடந்துவிடுகிறது. கடந்தால் பெற்றோரோடு செல்லும் உரிமையைப் பெரும்பாலும் இழக்கிறது. இப்பிரிவே வேண்டாம் என்று 1995-இல் பார்பரா ஜோர்டன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2013-இல் செனட் அவை நிறைவேற்றிய மசோதாவும் அவ்வாறே கூறியது. இரண்டும் சட்டமாகவில்லை. அதற்கு முன், 1981-இல், நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தலைவரான அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க் தலைமையிலான குழு, இப்பிரிவு நீடிக்க வேண்டும் என்றே பரிந்துரைத்திருந்தது.

அழைப்பவர் சுமப்பதும் சிறிதன்று. வருகிறவர் அரசுக்குச் சுமையாகாதபடி தாங்குவேன் என்று அவர் கையெழுத்திட வேண்டும். 1996-இல் வந்த சட்டத்தின்படி அது நீதிமன்றத்தில் செல்லத்தக்க வாக்குறுதி. தம்பியைக் காப்பது என் வேலையா என்று காயின் கேட்டான். இங்கே ஓர் அக்கா, காப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறார்.

காத்திருப்போருக்கு ஒரு சொல். வரும் என்ற நம்பிக்கையில் வீட்டைப் பழுது பார்க்காமல், மகளின் திருமணத்தைத் தள்ளிவைத்து, கைத்தொழிலையும் கைவிட்டு, இருபது ஆண்டுகளைப் பயண மூட்டையின்மேல் அமர்ந்து கழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மனு தன் வழியில் போகட்டும். வாழ்வு இங்கே நடக்கட்டும். முதிய பெற்றோருக்குக் கஞ்சி ஊட்ட இங்கே தங்கிய பிள்ளையின் அன்பு, அங்கிருந்து கையெழுத்திட்ட பிள்ளையின் அன்புக்குக் குறைந்ததன்று.

நகலை எழுதி முடித்துப் பதிவேட்டை மூடுகிறேன். விசா வரலாம், வராமலும் போகலாம். அந்த ஏட்டில் அவர்கள் ஒரு தாயின் பிள்ளைகள். அதை மாற்ற எந்த நாட்டின் சட்டத்தாலும் இயலாது.