வானராக்கினிக்குச் சுட்ட பணியாரம்



பத்துக் கட்டளைகள் வேறு தெய்வத்தை வணங்குவதையும் சிலை செய்து தொழுவதையும் விலக்குகின்றன. ஆகவே, பண்டைய இஸ்ரவேலர் தொடக்கம் முதலே ஒரே இறைவனை மட்டும் தொழுதனர் எனப் பலரும் எண்ணுகின்றனர். ‘தாழ்வாரத்தில் ஓடாதீர்’ என்னும் அறிவிப்பு எங்கே தொங்குகிறதோ அங்கேதான் பிள்ளைகள் ஓடுவர் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். தடையும் ஒருவகைச் சான்றுதான்.

இதனை விளங்கிக்கொள்ள எரேமியா நூலின் 44ஆம் அதிகாரம் ஒன்றே போதும். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்து ஆலயத்தைத் தீக்கிரையாக்கினர். பின்னர் எஞ்சிய யூதருள் ஒரு சாரார் எகிப்துக்கு ஓடினர். போகவேண்டா என்று தடுத்த எரேமியாவையும் உடன் கொண்டுசென்றனர். அங்கே அவர், பிற தெய்வங்களுக்குத் தூபம் காட்டியதாலேயே நாடு பாழாயிற்று என்று கடிந்துரைத்தார். கூடியிருந்தோர் தலைகுனியவில்லை, எதிர்த்து வாதிட்டனர். வானராக்கினிக்குத் தூபம் காட்டிய நாள்களில் வயிறார உண்டோம். அதனை நிறுத்திய பிறகே வாளுக்கும் பஞ்சத்துக்கும் இரையானோம் என்றனர்.

இதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். யோசியா மன்னன் மேடைகளை இடித்துப் பிறதெய்வ வழிபாட்டை ஒடுக்கியது கி.மு. 622ஐ ஒட்டி. அவனே 609இல் மெகிதோவில் எகிப்திய மன்னனால் கொல்லப்பட்டான். 597இல் அரசனும் கைவினைஞரும் சிறையாகப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 586இல் எல்லாம் முடிந்தது. மக்கள் சுட்டியது யோசியாவின் சீர்திருத்தத்தையே எனில், அவர்களுடைய கணக்கில் பிழையில்லை! எரேமியாவும் அதே அழிவைத்தான் சுட்டினார். காரணத்தை வேறிடத்தில் கண்டார்.

அவ்வழிபாடு வீட்டு அடுப்பைச் சார்ந்தது என்பதும் கருதத்தக்கது. பிள்ளைகள் விறகு பொறுக்க, தந்தையர் தீ மூட்ட, தாய்மார் மாப்பிசைந்து அவளுக்குப் பணியாரம் சுட்டதை அந்நூலின் 7ஆம் அதிகாரம் சொல்கிறது. எகிப்தில் பெண்களும் துணிந்து பேசினர்: எங்கள் கணவன்மார் அறியாமலா செய்தோம் என்று கேட்டனர். மேடையை மன்னன் இடிக்கலாம். அடுப்பங்கரையை எப்படி இடிப்பது? தன் நாயகனை மறுத்தவர்களின் வாதத்தை மறைக்காமல் எழுதிவைத்த அந்நூலின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எரேமியா விளித்தவர்களுள் பத்ரோஸ், அதாவது மேல் எகிப்தில் குடியிருந்தோரும் உண்டு. அப்பகுதியின் தென்கோடியில், நைல் நதியிலுள்ள எலிபண்டைன் தீவில், பாரசீகர் ஆட்சியின்போது யூதப் படைவீரர் குடியிருப்பொன்று இருந்தது. இவர்கள் அவர்களுடைய வழிவந்தோரே என்று நான் கூறவரவில்லை. ஆயினும், கி.மு. 400ஐ ஒட்டி அங்கே அரமேய மொழியில் எழுதப்பட்ட நன்கொடைப் பட்டியலொன்று கிடைத்துள்ளது. ஆளுக்கு இரண்டு சேக்கல் வெள்ளி என்று பெயர் பெயராக, பெண்களையும் சேர்த்து, எழுதியிருக்கிறார்கள். இறைவனாகிய யாஹோவுக்கு என்றுதான் தலைப்பு. முடிவில் பணம் மூன்றாகப் பிரிகிறது: யாஹோவுக்கு 126 சேக்கல், எஷெம்-பெத்தேலுக்கு 70, அனாத்-பெத்தேல் என்னும் பெண் தெய்வத்துக்கு 120.