சுமந்து வரும் உலாவி, இரவல் வாங்கும் உலாவி

ஓர் இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால், தனிச் சின்னமும் தனிச் சாளரமும் உள்ள கணினிச் செயலியாக்கித் தரும் கருவிகளில் நேட்டிவிஃபையரையும் பேக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையானது. இரண்டுக்கும் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை போதும். தளத்தின் மேல் நமது சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வரிகளைப் பூச இரண்டுமே இடம் தருகின்றன.

வேறுபாடு அடித்தளத்தில் இருக்கிறது. நேட்டிவிஃபையர் எலக்ட்ரான் என்ற சட்டகத்தின் மீது எழுந்தது. எங்கு போனாலும் கட்டுச்சோற்றோடு போகிறவரைப்போல ஒவ்வொரு செயலிக்குள்ளும் முழுக் குரோமியம் உலாவியைச் சுமக்கிறது. பேக், டாரி என்ற சட்டகத்தின் மீது எழுந்தது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் உலாவிக் கூறான வெப்வியூவை இரவல் வாங்குகிறது. ஆகவே முன்னதன் செயலி 100 எம்பியைத் தாண்ட, பின்னதன் செயலி சில எம்பிகளில் அடங்கிவிடுகிறது.

ஆனால் செயலியைக் கட்டும் பட்டறைக்குள் நுழைந்தால் பாரம் கைமாறுகிறது. நேட்டிவிஃபையர் ஆயத்தமான எலக்ட்ரானைத் தரவிறக்கிப் பொட்டலம் கட்டுகிறது. நோட்.ஜேஎஸ் இருந்தால் வேலை முடிந்தது. பேக்குக்கோ ரஸ்ட் மொழியின் கருவிகள் வேண்டும், முதல் தொகுப்பு முடியும்வரை பொறுமையும் வேண்டும். கனத்த செயலிக்கு எளிய பட்டறை, எளிய செயலிக்குக் கனத்த பட்டறை.

இனி எதிர்பாராத உறவு. விண்டோஸில் பேக் இரவல் வாங்கும் வெப்வியூ2 எட்ஜ் உலாவியின் உள்ளம், அதுவும் குரோமியமே. மேக்கில் கிடைப்பது வெப்கிட் என்ற எஞ்சின். அங்கேனும் உறவு அறுகிறதா என்றால் இல்லை. குரோமியத்தின் எஞ்சினான பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து கிளைத்தது. வெப்கிட்டோ கேடிஇ திட்டத்தின் கேஎச்டிஎம்எல்லிலிருந்து பிறந்தது. எதிரெதிர் முகாம்களாகப் பேசப்படும் இரண்டும் ஒரே கொடிவழியின் பங்காளிகள்!

அதனால் கோப்பின் அளவைவிட, எஞ்சினைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்வேன். நேட்டிவிஃபையர் செயலிக்குள் குரோமியம் கட்டிய நாளிலேயே உறைந்து நிற்கிறது. தளம் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோலத் தெரிவது அதன் பெரும் நன்மை. பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால் செயலியை மீண்டும் கட்டியாக வேண்டும். பேக்கின் எஞ்சினை இயங்குதளமே புதுப்பிக்கிறது. அதற்கு விலையாக, மேக்கில் சரியாக வரும் பக்கம் லினக்ஸின் வெப்கிட்ஜிடிகேயில் சற்றே பிசகலாம், நேற்று ஓடிய ஒன்று இன்றைய புதுப்பித்தலுக்குப்பின் மாறலாம்.

2023இல் நேட்டிவிஃபையரின் பராமரிப்பு நின்றபோது இந்த வேறுபாடு நடைமுறையில் தெரிந்தது. அதில் கட்டிய செயலிகள் இன்றும் திறக்கின்றன, பழைய குரோமியத்தோடு. வங்கிக் கணக்கையோ அலுவலக மின்னஞ்சலையோ அவற்றில் திறக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல் கேட்காத அகராதித் தளத்துக்கும் வானொலித் தளத்துக்கும் அவை இன்னும் உதவும்.