இருபது வளைவு ஏறி வந்த அட்டவணை

கரும்பலகையில் நான்கு பத்தி. முதல் பத்தியில் திஸ், தட். இரண்டாவதில் இஸ் மட்டும். மூன்றாவதில் எ. கடைசியில் பால், பென், கேட், டாக், கப். பத்திக்கு ஒரு சொல்லாக இடமிருந்து வலம் எடுத்துக் கோத்தால் பத்து வாக்கியம் வரும். எ இருக்கிற பத்தியில் மை, யுவர் இரண்டையும் சேர்த்துவிட்டால் முப்பது. எழுவாய், பயனிலை என்று டீச்சர் வாய் திறக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது சப்ஸ்டிட்யூஷன் டேபிள்.

இதற்கு ஒழுங்கான உருவம் கொடுத்தவர் ஹரால்ட் பாமர். பெல்ஜியத்தில் மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இந்த ஆங்கிலேயர், 1914இல் போர் மூண்டதும் ஊர் திரும்பினார். நூறு அட்டவணைகளை ஒரு புத்தகமாக 1916இல் வெளியிட்டார். 1922இல் ஜப்பான் கல்வித் துறைக்கு ஆலோசகராக டோக்கியோ போனார். அட்டவணையும் கூடவே போனது.

சென்னை ராஜ்யத்துக்குள் அது பெருமளவில் இறங்கியது 1959இல். ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு வாக்கிய அமைப்பு வழியே பாடம் நடத்தப் பயிற்சி கொடுப்பது திட்டம். பிரிட்டிஷ் கவுன்சிலும் கைகொடுத்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களுக்குப் போய் மற்றவர்களுக்கு. பனிப்பந்து போல உருள உருளப் பெருக்கும் என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர் வைத்தார்கள். பனியே பார்க்காத ஊருக்கு நல்ல பெயர்தான்!

சேலத்து மலைமேல் இருக்கிற ஏற்காட்டில் ஆங்கிலம் அதற்கு வெகுகாலம் முன்பே குடியேறிவிட்டது. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல் வந்தது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல். வீட்டிலேயே ஆங்கிலம் பேசிய பிள்ளைகள் நிறைய படித்த இடங்கள் அவை. அங்கே இலக்கணம் என்பது ஏற்கெனவே பேசுகிற மொழிக்குப் பெயர் சூட்டும் வேலை. ஏரி நிரம்பி வழிந்து 300 அடி அருவியாய் விழுகிற கிளியூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு நிலைமை வேறு. அது வீட்டில் கேட்பது தமிழ். ‘இது பூனை’ என்றால் அதன் கணக்கில் வாக்கியம் முடிந்துவிட்டது. இஸ் எங்கே, எ எங்கே என்று கேட்டால் ஏழு வயதுக்கு என்ன புரியும்? அட்டவணை அதை விளக்குவதில்லை. ஒரு பத்தியையும் தாண்டிப் போக விடுவதில்லை, அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளைக்கு அதன் பெரிய உபகாரம் இதுதான் என்பது என் கட்சி.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிறகு அட்டவணை தடுக்கி விழுகிற இடமும் உண்டு. கடைசிப் பத்தியில் பாலையும் கப்பையும் அழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளை எழுதிப் பாருங்கள். இந்த மலையில் முதலில் வாயில் வருவது ஆரஞ்சு, காப்பி, மிளகு. ‘திஸ் இஸ் எ ஆரஞ்ச்’ தப்பு, ஆன் வேண்டும். ஹோட்டலில் ‘எ காஃபி’ என்று கேட்கலாம். களத்தில் காய்கிற காப்பிக் கொட்டையைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. ‘எ பெப்பர்’ என்றால் கேட்பவர் குடைமிளகாயை நினைப்பார். மலையின் மூன்று விளைச்சலும் பாமரின் கட்டத்துக்குள் அடங்க மறுக்கின்றன. அதற்காக அவற்றை ஒதுக்கிவிட்டுப் பிள்ளை பார்த்தே இராத ‘ஷிப்’பை எழுதுவது சோம்பேறித்தனம். மூன்றாம் பத்தியில் எ-க்குக் கீழே ஆன் எழுதி, ஆரஞ்சு, எக், அம்ப்ரெல்லா மூன்றுக்கும் ஒரு கோடு இழுத்தால் போதும். ஒரே பாடவேளையில் விதி பிடிபட்டுவிடும். காப்பியும் மிளகும் அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கட்டும்.

அட்டவணைக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் நம் பக்கத்திலிருந்துதான். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறு வழியைச் சோதித்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அறிந்தது அதைத்தான். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று யோசிக்க வைத்தார். புத்தி பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் வாதம். பிறகு 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுக்கப் பரவின. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது; அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தது. திட்டத்தின் பெயர் எத்தனை மாறினாலும் நான்கு பத்தி மட்டும் போகவில்லை. வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பிரபு சொன்னதில் பாதி சரி. முப்பது வாக்கியத்தையும் ராகம் போட்டு ஒப்பிக்கிற வகுப்பில் ஒரு பிள்ளையும் எதையும் சொல்லவில்லை, சத்தம்தான் கேட்கிறது. ஆகவே டீச்சர்களே, அட்டவணையை எழுதுங்கள், ஆனால் பொய் சொல்லுங்கள். பென்சிலைத் தூக்கிப் பிடித்து ‘திஸ் இஸ் எ கேட்’ என்று அடித்துச் சொல்லுங்கள். ‘நோ’ என்று கத்துகிற பிள்ளையிடம் ‘அப்ப என்ன?’ என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வரும்வரை கரும்பலகையை அழிக்காதீர்கள். வந்த பிறகு அழித்துவிடுங்கள்.