தேம்ஸ் நதியும் ஒரு வரலாற்று விளையாட்டும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் அரசரையும் அரண்மனையையும் கொண்டு எழுதுதல் எளிது. அதன் நதியைக் கொண்டு எழுதுதல் அரிது. அரசர் பட்டயம் பொறித்து வைத்தனர். நதி எதனையும் பொறித்து வைப்பதில்லை. ஆயினும், இலண்டன் மாநகரைப் பொறுத்தமட்டில், தேம்ஸ் நதியை நீக்கிவிட்டு வரலாறு கூற முற்படுவோமாயின் எஞ்சுவது மிகச் சிறிதே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமர் அந்நகரை அவ்விடத்தில் நிறுவியமைக்குக் காரணம், கடலிலிருந்து கப்பல் வந்தடையத்தக்க ஆழமும் பாலம் அமைக்கத்தக்க கரையும் அங்கு ஒருங்கே வாய்த்திருந்தமையேயாம்.

இக்காலத்து மாணவர் வரலாற்றைப் பாடநூலின் வாயிலாக மட்டும் அறிகின்றாரல்லர். நாவலும் திரைப்படமும் முன்னர்ச் செய்த பணியைக் கணினி விளையாட்டுக்களும் இன்று மேற்கொண்டுள்ளன. ஆதலின், அவை வரலாற்றை எவ்வாறு கையாளுகின்றன என ஆராய்தல் வரலாறு கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடமையாகின்றது. அவ்வகையில், 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் யூபிசொப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் சிண்டிகேட்’ என்னும் சாகச விளையாட்டில் தேம்ஸ் நதி பெறும் இடத்தை ஈண்டு நோக்குவாம்.

இவ்விளையாட்டின் களம் 1868ஆம் ஆண்டின் இலண்டன். ஜேக்கப் ஃபிரை, ஈவி ஃபிரை என்னும் இரட்டையர் அந்நகருக்குப் புகையிரதத்தில் வந்து சேர்கின்றனர். தொழிற்சாலை, வங்கி, போக்குவரத்து, மருந்து ஆகிய அனைத்தையும் தன் கைக்குள் வைத்திருக்கும் குரோஃபோட் ஸ்டாரிக் என்னும் கற்பனைச் செல்வனை வீழ்த்தி நகரை விடுவிப்பதே அவர்தம் நோக்கம். டிக்கின்ஸ், டார்வின், கார்ல் மார்க்ஸ், புளோரன்ஸ் நைற்றிங்கேல், டிஸ்ரேலி முதலிய மெய்யான மாந்தரும் இடையிடையே தோன்றுகின்றனர்.

விளையாட்டினை அமைத்தோர் நகரை ஏழு பகுதிகளாக வகுத்துள்ளனர். வைற்சப்பல், லாம்பெத், சிற்றி, ஸ்ட்ராண்ட், சதக், வெஸ்ட்மின்ஸ்ரர் என்னும் ஆறும் நிலப்பகுதிகள். ஏழாவது பகுதி தேம்ஸ் நதியே. இது சிறிய செய்தி போலத் தோன்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாட்டுப்படங்களில் நதி பெரும்பாலும் எல்லைக்கோடாகவே அமையும். ஈண்டோ நதியும் ஒரு பேட்டையாக மதிக்கப்படுகின்றது. ஆடுவோன் தென்கரையிலிருந்து வடகரை செல்லப் பாலத்தைத் தேட வேண்டியதில்லை. நீராவிக் கப்பல், சரக்குத் தோணி, இழுவைப்படகு என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கலங்களின்மேல் தாவித் தாவியே அக்கரை அடையலாம். தென்கரையின் ஆலைகளையும் வடகரையின் வங்கிகளையும் மன்றங்களையும் இணைக்கும் நெடுவீதியாக நதி விளங்குகின்றது.

இச்சித்திரம் வரலாற்றுக்கு முரணானதன்று. இன்று இலண்டனின் அடையாளமாக உலகம் அறிந்த கோபுரப் பாலம் 1868ஆம் ஆண்டுக் காட்சியில் இல்லை. அதன் வேலை 1886இல் தொடங்கி 1894இல் நிறைவெய்தியது. முதலாம் உலகப் போர்க் காலத்தைச் சார்ந்த சிறு பகுதியொன்றில் மட்டும் அப்பாலம் தோன்றுகின்றது. கலங்கள் செறிந்த நதி என்பதும் மிகையன்று. மேற்கிந்தியத் துறைத்தொட்டி 1802இலும், இலண்டன் துறைத்தொட்டி 1805இலும், சென் கதரின் துறைத்தொட்டி 1828இலும், விக்டோரியாத் துறைத்தொட்டி 1855இலும் திறக்கப்பட்டன. நதியில் நிகழ்ந்த களவைத் தடுக்க 1798இலேயே வாப்பிங்கில் நதிப் பொலிஸ் படை அமைக்கப்பட்டது. நகர்ப் பொலிஸ் படை தோன்றியதோ 1829இல். நிலத்திற்கு முன்னர் நீருக்கே காவல் வேண்டியிருந்தது என்பதிலிருந்து அந்நதியில் மிதந்த செல்வத்தின் அளவை உய்த்துணரலாம்.

அச்செல்வத்தில் இலங்கையின் பங்கும் இருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பறித்த கோப்பியும் தீவின் கறுவாவும் தேம்ஸ் கரைப் பண்டகசாலைகளில் இறக்கப்பட்டன. கோப்பி இலைநோய் 1869இல் இங்கு இனங்காணப்பட்டதும், பின்னர் அப்பயிர் அழிந்து தேயிலை அதனிடத்தைப் பெற்றதும் நாம் அறிந்தனவே. ஆகவே, விளையாட்டுக் காட்டும் அந்தச் சரக்குத் தோணிகள் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல.

இனி, விளையாட்டுக் காட்டாத நதியை நோக்குவாம். அன்றைய தேம்ஸ் நதி வீதியாக மட்டும் இருக்கவில்லை. நகரின் கழிவுக் கால்வாயும் குடிநீர்க் கிணறும் அதுவே. கடலின் வற்றுப்பெருக்கு இலண்டன்வரை எட்டுவதனால், வற்றில் வெளியேறிய அழுக்குப் பெருக்கில் மீண்டும் நகரினுள் புகுந்தது. 1855ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பௌதிகவியல் மேதை மைக்கல் பரடே வெள்ளைத் தாள் அட்டைகளைக் கிழித்து நதியில் இட்டுப் பார்த்தார். ஓர் அங்குல ஆழம் செல்லுமுன்னரே அவை கண்ணுக்கு மறைந்தன. அதனை அவர் பத்திரிகைக்கு எழுதி நாட்டினரை எச்சரித்தார்.

அந்நீரைக் குடித்தோரின் நிலையாது? விளையாட்டில் வரும் சதக், லாம்பெத் ஆகிய தென்கரைப் பகுதிகளே இவ்வினாவிற்கு விடை தந்தன. அங்கு இரு தண்ணீர்க் கொம்பனிகள் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லாம்பெத் கொம்பனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை மேலாற்றுக்கு மாற்றியது. சதக்–வோக்சோல் கொம்பனி நகரின் அழுக்குக் கலந்த பற்றசீ என்னுமிடத்திலேயே தொடர்ந்து நீர் எடுத்தது. 1854ஆம் ஆண்டின் வாந்திபேதிக் காலத்தில் மருத்துவர் ஜோன் ஸ்நோ வீடுவீடாகக் கணக்கெடுத்தார். தொற்றின் முதல் ஏழு வாரங்களில், பற்றசீ நீரைப் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 315 மரணங்கள் நிகழ்ந்திருந்தன. மேலாற்று நீரைப் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 37 மட்டுமே. ஒரே காற்று, ஒரே வீதி, ஒரே வகுப்பு மக்கள். வேற்றுமை நீரில் மட்டும் இருந்தது.

எண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியும் அறிஞர் பலர் ஏற்றிலர். நோய் நாற்றத்தால் பரவுகின்றது என்பதே அன்றைய துணிபு. 1858ஆம் ஆண்டு யூன் மாத வெம்மையில் நதி தாங்கொணா நாற்றம் வீசியது. பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஆண்டாண்டு காலம் தட்டிக்கழிக்கப்பட்ட சட்டமூலத்தை, அப்போது திறைசேரியின் தலைவராயிருந்த டிஸ்ரேலி கொண்டுவந்தார்; பதினெட்டு நாட்களில் அது சட்டமாயிற்று. எளியோரின் மரணம் அசைக்காத மன்றத்தை அம்மன்றத்தாரின் மூக்கு அசைத்தது எனலாம். ஸ்நோ அதே யூன் மாதத்தில் காலமானார். தம் கொள்கை வென்றதைக் காண அவர் இருந்திலர்.

பொறியியலாளர் ஜோசப் பசல்கெற் அப்பணியைச் செய்தார். நதிக்கு இணையாக 82 மைல் நீளமான பெருங்கால்வாய்கள் நிலத்தடியில் செங்கல்லால் கட்டப்பட்டன. அவை அழுக்கை இடைமறித்து நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றன. நதியின் ஓரம் தூர்க்கப்பட்டு விக்டோரியா அணைக்கரை எழுந்தது. அது 1870ஆம் ஆண்டு யூலையில் திறக்கப்பட்டது. தென்புறத்துக் கிரொஸ்நெஸ் நீரேற்று நிலையம் 1865இல் இயங்கத் தொடங்கியது. வடபுறத்து ஏபி மில்ஸ் நிலையம் திறக்கப்பட்டதோ 1868ஆம் ஆண்டு யூலையில். அஃதாவது, விளையாட்டின் கதை நிகழும் அதே ஆண்டில், இலண்டன் மக்களின் உயிரைக் காத்த மெய்யான புரட்சி ஒன்று நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகர் கூரைகளின்மேல் ஓட, வரலாறு அவர்தம் காலடியில் நிலத்தின்கீழ் ஓடியது.

அந்நிலையம் இரண்டாண்டு பிந்தியதன் விலை யாது என்பதும் பதிவாகியுள்ளது. 1866இல் வாந்திபேதி இறுதிமுறையாக இலண்டனைத் தாக்கியது. கிழக்கு இலண்டனில் மட்டும் 5,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். புதிய கால்வாய் முற்றுப்பெறாதிருந்தது அப்பகுதியிலேயே. அங்கு நீர் வழங்கிய கொம்பனி, வடிகட்டப்படாத நீரைத் திறந்த குளங்களிலிருந்து கலந்து விட்டிருந்தமையை வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரின் ஆய்வு வெளிப்படுத்தியது. நோயுற்ற பகுதிகளுள் வைற்சப்பலும் ஒன்று. விளையாட்டில் இரட்டையர் விடுவிக்க முற்படும் பேட்டைகளுள் அதுவும் அடங்கும் என்பதை நினைக்க.

இனி எழும் வினா இது: நகரத்தின் துன்பத்துக்குக் காரணம் யாது? விளையாட்டின் விடை தெளிவானது. ஸ்டாரிக் என்னும் ஒருவனும் அவனுடைய கூட்டாளிகளுமே காரணம். அவர்களை நீக்கினால் நகரம் விடுதலை பெறும். இவ்விடையில் விளையாட்டே முழு நம்பிக்கை கொள்ளவில்லை என்பதையும் நடுநிலை பிறழாது கூறவேண்டும். ஜேக்கப் ஒரு மருத்துவனைக் கொன்றபின் நகரில் போலி மருந்து பரவுகின்றது. வங்கித் தலைவனைக் கொன்றபின் நாணயம் நிலைகுலைகின்றது. இரண்டையும் சீர்செய்யும் பொறுப்பு ஈவியின்மேல் விழுகின்றது. தலையைக் கொய்தல் தீர்வன்று என்னும் உண்மை அங்கே சுட்டப்படுகின்றது. ஆயினும் கதையின் முடிவு மீண்டும் ஒரு தலையைக் கொய்வதிலேயே சென்றமைகின்றது.

தேம்ஸ் நதியின் வரலாற்றிலோ கொய்வதற்குத் தலை இல்லை. நீரெடுக்கும் குழாயை இடம்மாற்றாத ஒரு கொம்பனி, செலவுக்கு அஞ்சிய நகர சபைகள், நாற்றத்தையே நோயென நம்பிய மருத்துவர், தாமதித்த பாராளுமன்றம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அவருட் பெரும்பாலோர் தீயோருமல்லர். காத்தவர்களும் வாளேந்திய வீரரல்லர். ஒருவர் வீடுவீடாக மரணத்தை எண்ணினார், ஒருவர் எண்களை அட்டவணைப்படுத்தினார், ஒருவர் கால்வாயின் சரிவை அளந்தார். மேலும், தவறான கொள்கை சரியான வேலையைச் செய்விக்கவும் கூடும். நாற்றத்துக்கு அஞ்சிக் கட்டிய கால்வாய் நீரைத் தூய்மை செய்தது. இத்தகைய பின்னலை ஒரு பகைவனின் முகத்தில் வரைந்து காட்டுதல் இயலாது.

அக்கால்வாயும் குறைவற்ற வெற்றியன்று. அழுக்கு அழிக்கப்படவில்லை; கீழாற்றுக்குத் தள்ளப்பட்டது. 1878ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் நாள் இரவு, ‘பிரின்சஸ் அலிஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் நிலக்கரிக் கப்பலொன்றுடன் மோதி மூழ்கியது. 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மோதல் நிகழ்ந்த இடம் பெருங்கால்வாய்கள் கழிவை வெளியேற்றும் வாய்களுக்கு அண்மையிலிருந்தது. அதன்பின்னரே கழிவைத் திண்மம் பிரித்துக் கடலுக்குக் கொண்டுசெல்லும் முறை வகுக்கப்பட்டது. 1957இல் நதியின் நகர்ப்பகுதி உயிர்வாழத் தகாதது என இயற்கை வரலாற்று நூதனசாலை அறிவித்தது. பின்னர் மீன்கள் திரும்பின. மழைக்காலத்தில் வழியும் கழிவைத் தாங்கப் பசல்கெற்றின் கால்வாய்கள் போதாமையால், 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கக் கால்வாய் நதியின்கீழ் அமைக்கப்பட்டு 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. 1868இல் முடிந்ததாக எண்ணிய வேலை இன்னும் தொடர்கின்றது.

இவற்றால், விளையாட்டு வரலாற்றுக்குப் பகையென்பது எம் கருத்தன்று. வெறும் பெயராக இருந்த லாம்பெத்தையும் வைற்சப்பலையும் மாணவன் கண்ணால் கண்டு, கால்நடையாக நடந்து, நதியைக் கடந்து அறியும் வாய்ப்பு முந்திய தலைமுறைக்குக் கிட்டாதது. இடத்தின் அமைப்பும் தொலைவும் உயரமும் அவன் மனத்திற் பதிகின்றன. ஆசிரியர் அதனை இகழாது பயன்கொள்ளல் வேண்டும். ஆனால், கண்ட காட்சியோடு நின்றுவிடாது மூன்று வினாக்களை எழுப்பவும் பழக்குதல் வேண்டும்: இக்கலம் எந்த நாட்டின் சரக்கைச் சுமந்து வந்தது? இவ்வீட்டார் எங்கிருந்து நீர் பெற்றனர்? இவ்வீட்டின் அழுக்கு எங்கே சென்றது? இம்மூன்றுக்கும் விடை தேடத் தொடங்கும் மாணவன் விளையாட்டின் எல்லையைத் தாண்டி வரலாற்றின் எல்லைக்குள் புகுந்துவிடுகின்றான்.

வரலாற்றில் தீயோன் ஒருவனைத் தேடிக் கண்டு மனநிறைவு பெறுதல் மனித இயல்பு. அவ்வியல்புக்கு இடங்கொடுக்கும் சமுதாயம், தன் காலத்துத் துன்பங்களுக்கும் அவ்வாறே ஒருவனைத் தேடும். குழாயையும் கால்வாயையும் சட்டத்தையும் கணக்கையும் மறக்கும். தேம்ஸ் நதியின் கதை நமக்கு உணர்த்தும் பாடம் அஃதே. அந்நதியை ஒரு பேட்டையாக மதித்த விளையாட்டு பாதி வழி வந்துவிட்டது. மீதி வழியை நடத்திச் செல்லுதல் வரலாறு கற்பிப்போரின் கையில் உள்ளது.