புயலுக்கு முன் ஒரு சொல்

அரசர் கொலுமண்டபத்துக்கு எழுந்தருளும் காட்சியை எழுதும்போது, கட்டியங்காரனை ஒரு முறையாவது "பராக்! எச்சரிக்கை!" என்று கூவ வைக்காவிட்டால் எங்களைப் போன்ற சரித்திரக் கதைக்காரர்களுக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. அந்தக் கூவலில் பயமுறுத்தல் ஒன்றும் கிடையாது. 'கவனமாயிருங்கள்' என்பதே அதன் கருத்து. 'ஜாக்கிரதை' என்ற வடசொல்லும் விழிப்பிலிருந்து பிறந்ததுதான். ஆங்கிலேயரின் 'வார்னிங்' என்ற சொல்லும் இந்த ஜாதியைச் சேர்ந்தது. கேட்பவனை விழிக்கச் செய்துவிட்டால் அதன் கடமை முடிந்துவிடும்.

வருவதை அடித்துச் சொல்வதற்கு அவர்களிடம் வேறு சொற்கள் உண்டு. 'பிராபஸி' என்றால் தீர்க்கதரிசனம். அது தெய்வ அருள் பெற்றவர்களின் வாக்கு. 'பிரெடிக்ஷன்' லத்தீனிலிருந்து வந்தது. முன்கூட்டிச் சொல்லுதல் என்று பொருள். 'இன்பர்மேஷன்' என்பதோ உள்ளதைத் தெரிவிப்பதோடு நின்றுவிடும். அகராதியில் இவை சண்டை சச்சரவின்றித் தத்தம் இடத்தில் இருக்கின்றன. உலகத்தில் அப்படி இருப்பதில்லை. இவற்றின் குழப்பத்தில் அகப்பட்டுக்கொண்டு வாடிய ஒரு மனிதரின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ராபர்ட் பிட்ஸ்ராய். 1831 முதல் 1836 வரை 'பீகிள்' என்ற கப்பலில் சார்லஸ் டார்வின் உலகத்தைச் சுற்றி வந்தார் அல்லவா? அந்தக் கப்பலின் தலைவர் இவரே. 1854-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் வானிலைக்கென்று ஒரு சிறு இலாகாவை ஏற்படுத்தி, அதை இவரிடம் ஒப்படைத்தது. கப்பல் தலைவர்கள் குறித்து வரும் காற்று விவரங்களைச் சேகரித்து அட்டவணை போட வேண்டியது, அவ்வளவுதான் உத்தியோகம். அதே வருஷம் பாராளுமன்றத்தில் ஓர் அங்கத்தினர், லண்டன் நகரத்தின் வானிலையை 24 மணி நேரத்துக்கு முன்பே அறியும் காலம் வரலாம் என்றார். சபையிலே சிரிப்பு எழுந்தது!

ஐந்து வருஷங்களுக்குப் பின் அந்தச் சிரிப்பு அடங்கிற்று. 1859 அக்டோபர் 26-ஆம் தேதி, மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல், வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸீ தீவின் பாறைகளில் மோதிச் சிதறியது. ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் தங்கம் தேடிச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தனர். மாண்டவர் சுமார் 450 பேர். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபின் நேர்ந்த சாவு!

பிட்ஸ்ராய் அந்தப் புயல் வந்த வழியை ஆராய்ந்தார். புயல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து வருகிறது. தந்தியோ அதைவிட வேகமாக ஓடுகிறது. அப்படியானால் முதலில் அடிபட்ட ஊர், அடுத்த ஊருக்குச் சொல்லிவிடலாமே! எளிய எண்ணந்தான். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்கு முதல் புயல் எச்சரிக்கை போயிற்று. கித்தான் துணியால் செய்த கூம்பு ஒன்றைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். முனை மேல்நோக்கியிருந்தால் வடக்கேயிருந்து பெருங்காற்று வரக்கூடும், கீழ்நோக்கியிருந்தால் தெற்கேயிருந்து. முரசு போன்ற உருளையும் சேர்ந்து ஏறினால் ஆபத்து அதிகம். எழுத்தறியாத செம்படவனும் படிக்கக்கூடிய பாஷை அது.

1861 ஆகஸ்டு முதல் தேதி 'டைம்ஸ்' பத்திரிகையில் பொதுஜனங்களுக்கும் வானிலைக் குறிப்பு வெளியாயிற்று. அதற்கு என்ன பெயர் வைப்பது? அந்தக் காலத்து லண்டனில் பஞ்சாங்கக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஸட்கியேல் என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட ஜோதிடப் பஞ்சாங்கம் பிரபலமாயிருந்தது. அந்தக் கூட்டத்தில் தம்மையும் சேர்த்துவிடுவார்கள் என்று பிட்ஸ்ராய் அஞ்சினார். ஆகையால் 'பிராபஸி' வேண்டாம், 'பிரெடிக்ஷன்' வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 'போர்காஸ்ட்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். கணக்கிட்டுப் பார்த்துக் கூறும் அபிப்பிராயத்துக்கே அது பொருந்தும் என்று 1863-ல் தாம் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கமும் எழுதினார். 'காஸ்ட்' என்பதற்கு எறிதல் என்று மட்டுமல்ல, கணக்குக் கூட்டுதல் என்றும் பழைய பொருள் உண்டு. பாவம், ஜாதகம் கணிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைச்சொல்தான்! நம் 'கணித்தல்' என்ற சொல்லும் ஜோசியருக்கும் வானிலை நிபுணருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது?

சொல்லைச் சொன்னவருக்கு வித்தியாசம் தெரிந்தது, கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. கணிப்பு பலித்த நாளை மறந்தார்கள், பொய்த்த நாளை நினைவில் வைத்துக்கொண்டார்கள். குறிப்பைப் பிரசுரித்த பத்திரிகையே, தவறுகளுக்குத் தான் பொறுப்பல்ல என்று கைகழுவிற்று. கூம்பு ஏறிய நாளில் படகுகள் கரையில் நின்றதால், படகு முதலாளிகளுக்கு நஷ்டம். விஞ்ஞானிகளோ, இந்த முறைக்கு அஸ்திவாரம் போதாது என்றார்கள். கடனும், மங்கிவந்த செவிப்புலனும், நெடுநாளைய மனச்சோர்வும் ஏற்கனவே அவரை வாட்டிக்கொண்டிருந்தன. 1865 ஏப்ரல் 30-ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கேலி ஒன்றுதான் காரணம் என்று நான் கூற மாட்டேன். பாரம் ஏற்றிய வண்டியில் அதுவும் ஒரு மூட்டை.

இதற்குப் பின் நடந்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பிரான்சிஸ் கால்ட்டன் தலைமையில் ஒரு கமிட்டி கூடி ஆராய்ந்தது. 1866-ல் தினசரிக் கணிப்பு நின்றது. அந்த வருஷ டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. உடனே கூக்குரல் எழுந்தது. எங்கிருந்து? கடலோடிகளிடமிருந்தும் துறைமுகங்களிலிருந்தும்! "எங்களுக்குக் கூம்பைக் கொடுங்கள்" என்றார்கள். 1867-லேயே எச்சரிக்கை திரும்பி வந்தது. பத்திரிகைக் கணிப்பு திரும்ப 1879 வரை காத்திருக்க நேர்ந்தது.

கமிட்டியார் எச்சரிக்கையையும் பலன் சொல்லுவதாக எண்ணி, எத்தனை பலித்தது என்று கணக்குப் பார்த்தார்கள். கடலோடியின் கணக்கு வேறு. புயல் வராமற்போனால் அவனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். புயல் வந்து, எச்சரிக்கை வராமற்போனால் அவன் மனைவி மக்கள் நடுத்தெருவில். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க அவன் சம்மதிக்கவில்லை. சொல்லின் பொருள் பண்டிதர்களைக் காட்டிலும் பாமரனுக்கு நன்றாக விளங்கியிருந்தது.

2002-ல் பிரிட்டிஷ் கப்பல் வானிலை அறிக்கையில் வரும் கடற்பகுதிகளுள் ஒன்றுக்கு பிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் அவருக்கு நம் கடற்கரையிலும் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று மழைக்காலத்தில் படிக்கிறோமே, அந்தக் கூண்டு பிட்ஸ்ராயின் கூம்புக்கும் உருளைக்கும் வாரிசுதான். இந்தியத் துறைமுகங்களில் அதற்குப் பதினோரு எண்கள். பத்து வரைக்கும் ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. பதினோராவது எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது; இனி அங்கிருந்து செய்தி வராது என்று பொருள்.

தகவல் நின்றுபோன பிறகும் எச்சரிக்கை நிற்பதில்லை. அந்தக் கூண்டைக் கம்பத்தில் ஏற்றுகிற துறைமுக ஊழியனுக்கு நாளை நடக்கப்போவது தெரியாது. கரையில் படகுகள் இருப்பது தெரியும். அவனுக்கு அது போதும்.